கிண்ணம் வாங்கப் போனோம்

ஆம்பூரில் எனக்கு நெடுநாளைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். "இருந்தார்" என்றதும் நேயர்கள் பதற வேண்டாம். மனிதர் சௌக்கியமாகவே இருக்கிறார். ஊர்தான் மாறிவிட்டது. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் 34 வருஷ காலம் கணக்கு எழுதிவிட்டு, சென்ற வருஷம் ஓய்வு பெற்று, வேலூரில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரு நாள் காலையில் டெலிபோன் வந்தது.

"ஒரு கிண்ணம் வாங்க வேண்டும். துணைக்கு வர முடியுமா?" என்றார்.

கிண்ணம் வாங்குவதற்குத் துணை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் ஏதோ கலியாணம், சீர்வரிசைக்காக வெள்ளிக் கிண்ணம் வாங்குகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு புறப்பட்டேன். போன பிறகுதான் தெரிந்தது, அவர் வாங்க விரும்பியது பாயசம் ஊற்றும் கிண்ணமல்ல, பாடும் கிண்ணம் என்று.

கிண்ணம் பாடுமா? பாடும் என்கிறார்கள். தியானத்தில் அமர்கிறவர்கள் அதை ஒரு சிறு கோலால் தட்டுகிறார்கள். அல்லது கோலை விளிம்போடு ஒட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார்கள். கிண்ணம் ரீங்காரம் செய்கிறது. அந்த ஒலியில் மனத்தை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டியது. இப்போது நம் நகரங்களில் யோகாப்பியாசம் கற்பிக்கும் இடங்களில் எல்லாம் இது வந்துவிட்டது.

"உமக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளையாகக் கேட்கவில்லை. அவரே காரணத்தைச் சொன்னார்.

தொழிற்சாலைக்கு அடுத்த சுவரில் அவருக்குக் குடியிருப்பு. தோல் ஷாப்புகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மர உருளைகள் உண்டு, 'டிரம்' என்பார்கள். தோல்களையும் தண்ணீரையும் பதனிடும் சரக்கையும் உள்ளே போட்டு மூடிவிட்டால், அந்த உருளை மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஈரத்தோல்கள் மேலே ஏறித் தொபுக்கென்று கீழே விழும். இரவு முழுவதும் இந்தத் தாளம்தான். புதிதாய் வந்த விருந்தாளி கண்ணை மூட முடியாது. நம் சிநேகிதரோ 34 வருஷம் அந்தத் தாளத்திலேயே தூங்கியவர். நடுநிசியில் மின்சாரம் நின்று டிரம் ஓய்ந்துவிட்டால் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாராம்.

வேலூர் வீட்டில் ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. அதுதான் சங்கடம். இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தார். வைத்தியர் பரிசோதித்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினம் சற்று நேரம் கண்ணை மூடிச் சும்மா உட்காரும்படியும் சொன்னார். மகன் ஒரு தியான வகுப்புக்கு அழைத்துப் போனான். அங்கே ஆசிரியர் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினார். "அன்று ராத்திரி நான்கு மணி நேரம் தூங்கினேன்" என்றார் சிநேகிதர். இப்படிச் சொன்னவரிடம் யார் பரிகாசம் செய்ய முடியும்?

அவருடைய சம்சாரம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள். "அண்ணா, நீங்களே சொல்லுங்கள். பூஜை அறையில் மணி இருக்கிறதே, அதை அடித்தால் போதாதா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கடைக்குப் போவது சரியல்ல. பூஜை மணி வாயைக் கீழே வைத்துக்கொண்டு, நாவினால் அடிபட்டு ஒலிப்பது. கிண்ணம் வாயை மேலே வைத்துக்கொண்டு, மெத்தையின் மேல் உட்கார்ந்து ஒலிப்பது. வகையில் இரண்டும் மணியே. ஜப்பானில் பௌத்தர்களுடைய வீட்டுப் பூஜை மாடங்களில் இப்படி உட்கார்ந்த மணி ஒன்று உண்டு; அதை 'ரின்' என்கிறார்கள். மணியை நாம் ஆட்டுவது தெய்வத்தை அழைக்க. ஆகவே சுறுசுறுப்பாக, விட்டு விட்டு ஒலிக்கிறது. கிண்ணத்தை ஒரே தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அதன் நாதம் நெடுநேரம் நின்று மெல்ல மெல்லத் தேயும். தேய்கிற நாதத்தின் பின்னாலேயே மனம் போவதற்கு அதில் இடம் இருக்கிறது.

நம் கச்சேரிகளில் ஜலதரங்கம் கேட்டவர்களுக்குக் கிண்ணம் பாடுவது ஆச்சரியமாயிராது. பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரை ஏற்றினால் சுருதி இறங்குகிறதல்லவா? உலோகக் கிண்ணத்திலும் அப்படியே. தட்டியவுடன் அதன் விளிம்பு ஒரு கணம் இப்படி நீள்வட்டமாகி, மறுகணம் அதற்குக் குறுக்காக நீள்வட்டமாகி, வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் நான்கு பக்கமும் சிற்றலைகள் எழும். இன்னும் பலமாகத் தேய்த்தால் நீர்த்துளிகள் எகிறி, நீரின் மேலேயே துள்ளும். டெனிஸ் தெர்வாஞ், ஜான் புஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தத் துளிகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கோலால் தேய்க்கும்போது நடப்பது, பிடில் வில் தந்தியில் செய்யும் வேலையேதான்: பிடித்துக்கொள்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது.

இனிக் கடைக்குப் போவோம்.

தியான சாமான்கள் விற்கும் கடை அது. எந்த ஊரில், என்ன பெயர் என்பதெல்லாம் நேயர்களுக்கு வேண்டியதில்லை. உள்ளே சாம்பிராணி மணம், குளிர்ந்த காற்று, ஓர் இளைஞர். அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூறியதாவது: அது பொன், வெள்ளி முதலான ஏழு உலோகங்களால் ஆனது, ஏழும் ஏழு கிரகங்களுக்கு உரியவை. பௌர்ணமி இரவில், இமயமலைச் சாரலில், மந்திரம் ஜபித்துக்கொண்டே அடித்துச் செய்யப்பட்டது. அதன் சுரம் இருதய சக்கரத்துக்கு உரியது. திபேத்திய மடங்களில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வழங்கி வருவது. விலை 18,500 ரூபாய். மெத்தைக்கு வேறாக 600 ரூபாய்.

தட்டிக் காட்டினார். நாதம் நன்றாகவே இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு கோலைச் சிநேகிதர் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். அவர் சுற்றினார். கிண்ணம் பாடவில்லை, கடகடவென்று பல்லைக் கடித்தது. மறுபடி சுற்றினார், மறுபடியும் கடகட.

இளைஞர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "தங்கள் மனத்தில் கலக்கம் அதிகமாயிருக்கிறது, ஐயா. கிண்ணம் அதைக் காட்டிவிடுகிறது" என்றார்.

சிநேகிதருடைய முகம் விழுந்துவிட்டது. தூக்கம் வராத மனிதனிடம் சொல்லக் கூடிய வார்த்தையா இது? வண்டியில் திரும்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. வாலாஜாவைத் தாண்டிய பிறகு, "அந்தப் பையன் சொன்னது வாஸ்தவமாயிருக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

வாஸ்தவம் இதுதான். கோலை வேகமாகச் சுற்றினாலும், அழுத்தம் குறைந்தாலும், கோல் வழவழப்பாக இருந்தாலும் எந்த மகானுடைய கையிலும் கிண்ணம் கடகடக்கும். கோலை நேராகப் பிடித்து, சற்று அழுத்தி, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொண்டால் எந்தத் திருடன் கையிலும் பாடும். அதற்கு மனத்தின் யோக்கியதை தெரியாது. மணிக்கட்டின் யோக்கியதைதான் தெரியும்.

மற்றப் பெருமைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். ஏழு உலோகக் கதை கேட்க இனிமையானது. ஆனால் பழைய கிண்ணங்களைப் பரிசோதனைச் சாலையில் சோதித்தவர்கள் கண்டது செம்பும் வெள்ளீயமுமே. ஏறக்குறைய நூற்றுக்கு 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். மற்றவை ஏதாவது இருந்தால் தாதுவோடு தற்செயலாய் ஒட்டி வந்த துளிகள். பௌர்ணமிக்கும் உலோகத்துக்கும் சம்பந்தமில்லை. கொல்லருக்கு வேண்டியது உலையின் வெளிச்சம். சக்கரத்துக்கு ஒரு சுரம் என்று கிண்ணத்தில் எழுதி ஒட்டுவது சமீப காலத்து வியாபார வழக்கம்.

திபேத்திய மடங்களில் மணியும் தாளமும் எக்காளமும் பழமையானவை என்பதில் சந்தேகமில்லை. விளிம்பைத் தேய்த்துப் பாட வைத்துத் தியானம் செய்யும் வழக்கத்துக்கோ பழைய ஆதாரம் கிடைக்கவில்லை. ஹென்ரி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் 1972-இல் 'டிபெட்டன் பெல்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். மேல்நாட்டில் இந்த மோகம் பரவியது அதையொட்டித்தான். இன்று விற்பனையாகும் கிண்ணங்களில் கையால் அடித்தவை பெரும்பாலும் நேபாளத்தில் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து வருகின்றன. கண்ணாடி போல் வெண்மையாயிருக்கும் பளிங்குக் கிண்ணங்களுக்கு இன்னும் வேடிக்கையான பூர்வோத்தரம்: சிலிக்கனை உருக்குவதற்காக மின்னணுத் தொழிற்சாலைகள் செய்த மூசைகளே அவற்றின் முன்னோர்.

நோய் தீரும் என்கிறார்களே, அது? அமெரிக்காவில் 62 பேரைக் கிண்ண ஒலி கேட்க வைத்து விசாரித்தார்கள். கேட்ட பின்பு மன இறுக்கமும் சோர்வும் குறைந்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்தியே. ஆனால் கிண்ணமில்லாமல் அதே நேரம் சும்மா படுத்திருந்தவர்கள் என்று ஒரு கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குறைந்தது ஒலியினாலா, ஓய்வினாலா என்று அதிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஆகையால் கிண்ணத்தை வாங்குகிறவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை நான் சிநேகிதரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இது அந்நிய மோகம், விட்டுத் தள்ளு என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். விஷயத்தைச் சற்று விசாரித்ததும் வாயடைத்துப் போய்விட்டேன்.

வெள்ளீயம் மிகுந்த இந்த வெண்கலம் விசித்திரமானது. சாதாரணமாகக் காய்ச்சி ஆறவிட்டால் கண்ணாடி போல் நொறுங்கும். செக்கச் சிவக்கக் காய்ந்திருக்கும்போதே அடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்து, முடிவில் தண்ணீரில் அமிழ்த்தினால் அது உறுதிப்படும். எஃகைத் தண்ணீரில் அமிழ்த்தினால் விறைப்பாகி நொறுங்கும் குணம் வரும், இதற்கோ நேர்மாறு. இந்த ரகசியத்தை அறிந்த கைகள் நம் நாட்டில் எப்போது இருந்தன தெரியுமா? திருநெல்வேலிச் சீமையில் ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில வருஷம் தோண்டினார். நீலகிரியில் கல்வட்டங்களைப் பிரீக்ஸ் என்பவர் 1870-களில் தோண்டினார். இரண்டு இடத்திலும் வெண்கலக் கலங்கள் வெளிவந்தன. அவற்றில் சிலவற்றை நம் காலத்தில் சாரதா சீனிவாசன் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்து, வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் சூட்டில் அடித்து நீரில் அமிழ்த்திச் செய்தவை என்று கண்டிருக்கிறார். அதே மரபில் கலம் செய்கிறவர்கள் கேரளத்தில் அண்மைக் காலம் வரையில் இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். நீலகிரிக் கலங்களைச் சென்னை எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் காணலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதால் தட்டிப் பார்க்க மட்டும் முடியாது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிநேகிதருடைய சம்சாரம் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

"எங்கள் மாமியாருடைய கும்பாவும் அந்தச் சாதிதானா, அண்ணா?"

அந்தக் கும்பாவில்தான் கிழவியார் காலையில் பழையது சாப்பிடுவாராம். கழுவிக் கவிழ்க்கும்போது கை தவறி இடித்துக்கொண்டால் கோயில் மணி போல் கேட்குமாம். அதன் கனத்துக்கு எட்டாத விலையில் ஓர் எவர்சில்வர் அண்டாவும் நான்கு தட்டுகளும் கிடைத்த காலத்தில், வாசலில் வந்த பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

"நான்தான் போட்டேன். பளபளவென்று இருந்தது, வாங்கினேன்" என்றார்கள்.

தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுக் கும்பாக்கள் இப்படி எடைக்குப் போயிருக்கும்! யாரும் நம்மைக் கொள்ளையடிக்கவில்லை. நாமே வாசல் வரையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். இன்று அதன் தம்பியைப் பௌர்ணமிக் கதையோடு சேர்த்து 18,500 ரூபாய்க்கு வாங்கக் கிளம்பியிருக்கிறோம். சுதேசியம் என்பது பெரிய மைதானங்களில் மட்டும் தோற்பதில்லை. சமையலறைப் பரண்களிலும் தோற்கிறது.

இரண்டாம் தடவை புறப்படும்போது ஒரு பாயையும் அழைத்துக்கொண்டோம். அவர் ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் தலை நரைத்தவர். விளக்கை அணைத்துவிட்டுக் கையில் தோலைக் கொடுத்தாலும், ஆட்டுத் தோலா, எருமைக் கன்றுத் தோலா, ஆவாரம்பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்று சொல்லிவிடுவார். கிண்ணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவே நல்லது என்று எனக்குத் தோன்றிற்று.

வேலூர் நீண்ட கடைத்தெருவில் ஒரு பழைய பாத்திரக் கடைக்குப் போனோம். வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல் மூன்று பேரும் ஒரு மணி நேரம் சத்தம் செய்தோம். குத்துவிளக்குகளுக்கும் உருளிகளுக்கும் நடுவே நேபாளத்துக் கிண்ணங்கள் ஏழெட்டு இருந்தன. கடைக்காரர் பெரியவர், நிறுத்து விலை சொல்கிறவர், சக்கரங்களைப் பற்றி அவர் பிரஸ்தாபிக்கவில்லை.

பாய் ஒரு கிண்ணத்தை எடுத்தவுடன் கவிழ்த்துவிட்டார். "பார்க்கிறவன் தோலின் மேல்புறத்தைப் பார்ப்பான், கணக்கர் ஐயா, வாங்குகிறவன் உள்புறத்தைத் தடவுவான். மேலே பூச்சுப் பூசி எந்தக் காயத்தையும் மறைத்துவிடலாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே நாங்கள் எங்கள் சட்டங்களை எல்லாம் வகுத்துக்கொண்டோம். நேயர்களுக்கும் அவை பயன்படலாம்.

முதலில் உலோகம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பொன் மஞ்சளாக மினுக்கும். அதன் ஒலி சீக்கிரம் அவிந்துவிடும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும், நிறம் சற்று மங்கல், ஒலி நீளம். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, சம்மட்டித் தழும்பு. கையால் அடித்த தழும்புகள் ஒன்றைப் போல் ஒன்று இரா. அச்சில் போட்ட கிண்ணத்தின் மேல் பிற்பாடு அழகுக்காகக் கொத்தியவை வரிசை பிசகாமல் இருக்கும். கையால் அடித்ததில் வேறொரு லாபமும் உண்டு. அது பூரண வட்டமாய் இராது. அந்த மயிரிழைக் கோணலால் கிண்ணம் மிகவும் நெருங்கிய இரண்டு சுருதிகளை ஒரே சமயத்தில் எழுப்புகிறது. தம்புராவின் இரண்டு தந்திகள் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுதும் சேராமல் இருக்கும்போது ஒலி அலையலையாக ஏறி இறங்குகிறதே, அந்த அசைவு அதனால்தான் வருகிறது. குறை இல்லாத இயந்திரக் கிண்ணம் ஒரே கோடாக ஒலிக்கும்.

மூன்றாவது, விரிசல். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, பிறகு கிண்ணத்தை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, விரல்கள் பக்கத்தில் படாமல், மெத்தென்ற கோலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்ட வேண்டும். நாதத்துக்குள் 'ஜிர்' என்று ஓர் எரிச்சல் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. வெண்கலம் கீழே விழுந்தால் உடையும் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். பாடும் கிண்ணமும் அப்படியே.

நான்காவது, காது. இது மிகவும் முக்கியம். சிறு கிண்ணம் கீச்சுக் குரல். பெரிய கிண்ணம் தாழ்ந்த குரல். வயது ஏற ஏற நம் செவி முதலில் இழப்பது உச்ச ஸ்தாயியைத்தான். இயந்திரங்களின் நடுவே உழைத்த செவியானால் சொல்லவே வேண்டாம். சிநேகிதர் ஆசையாய் எடுத்த சிறு கிண்ணம் எனக்குப் பத்து வினாடிக்கு மேலும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு நாலு வினாடியில் நின்றுவிட்டது. ஆகவே எவ்வளவு உயர்ந்த கிண்ணம் என்று பிறரைக் கேட்பதில் பயனில்லை. உட்காரப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு தம் காதால் கேட்க வேண்டும்.

அப்படிக் கண்ணை மூடிக் கேட்டு, ஒரு சாண் அகலமுள்ள ஒரு கிண்ணத்தைச் சிநேகிதர் தேர்ந்தெடுத்தார். எடை 1 கிலோ 150 கிராம். விலை 5,200 ரூபாய். கடையில் இருந்தவற்றுள் அழகில் கடைசியானது அதுதான். ஒரு பக்கம் கறுத்திருந்தது.

கோலை மட்டும் பாய் வாங்க விடவில்லை. அதில் சுற்றியிருந்த தோலைக் கட்டை விரலால் ஒரே தடவை தடவிவிட்டு, "இது தோலே இல்லை, துணியின் மேல் பூச்சு" என்றார். வெறும் மரக் கோலால் தேய்த்தால் கீச்சொலி மிகும். மெல்லிய மயிர்ப்பரப்புள்ள தோலைச் சுற்றினால் பிடிப்பு ஒரு சீராகி, கிண்ணத்தின் அடிச் சுருதி எழும். பாய் தம் வீட்டில் வைத்திருந்த ஆவாரம்பட்டை பதனிட்ட ஆட்டுத் தோலில் ஒரு பட்டை அறுத்து, சொரசொரப்பான உள்புறம் வெளியே வரும்படி மரக் கோலில் சுற்றிக் கொடுத்தார். ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்துத் தோல் பெரும்பாலும் அந்தப் பட்டையின் பழுப்பு நிறத்தில்தான் கப்பலேறிற்று.

இங்கேதான் எதிர்பாராத விக்கினம் வந்தது. வீட்டில் கோலைப் பார்த்ததும் சம்சாரத்தின் முகம் மாறிவிட்டது.

"தியானத்துக்குத் தோலா? பூஜை அறைக்குள் எப்படிக் கொண்டுபோவது?"

சிநேகிதர் சற்று நேரம் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். 34 வருஷமும் தொழிற்சாலையிலிருந்து வந்தவுடன் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அவர் வீட்டுக்குள் நுழைந்தவர். மூத்த பெண்ணுக்குப் பார்த்த முதல் வரன், "தோல் ஷாப் சம்பந்தம் வேண்டாம்" என்று கலைந்து போனதை அவர் என்னிடம் ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறார்.

"சபையில் மிருதங்கம் வாசிக்கிறார்களே, அதன் முகத்தில் இருப்பது என்ன? ஆடும் மாடும் எருமையும்தான். அதைக் கேட்டுத்தானே தலையை ஆட்டுகிறோம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தோல்தான் நமக்குச் சோறு போட்டது. நான் உட்காருகிற இடத்தில் இதற்கு இடமில்லையென்றால், எனக்கு மாத்திரம் எப்படி இடம்?" என்றார்.

அந்த அம்மாள் பதில் பேசவில்லை.

சிநேகிதர் தம் தொழிலைப் பற்றிப் பெருமை மட்டும் பேசுகிறவரல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை இந்நாட்டுச் சட்டமாக ஏற்று, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த 10,000 ரூபாயைப் பேரேட்டில் எழுதியது தம் கைதான் என்பார். "பாலாற்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை" என்று ஒரு தடவை சொன்னார். தமக்குத் தூக்கம் தந்த அதே டிரம்தான் ஆற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது என்பதை அறிந்த மனிதர் அவர். சும்மா உட்கார்ந்தால் இவையெல்லாம்தான் அவருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. பாடும் கிண்ணம் இவற்றை விரட்டிவிடும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஒரு வாரம் கழித்துப் போயிருந்தேன். கிண்ணம் கூடத்தில் ஒரு மணையின் மேல் இருந்தது. அடியில் பழைய பட்டுப் புடவைத் துண்டைத் திரித்துச் சுற்றிய வளையம். 600 ரூபாய் மெத்தையைப் பற்றிக் கேள்விப்பட்ட அந்த அம்மாள், "பிரிமணைக்கா 600 ரூபாய்?" என்று சிரித்துவிட்டு, ஒரு மத்தியானத்தில் இதைச் செய்துவிட்டார்களாம். தோல் சுற்றிய கோல் அந்தப் பட்டு வளையத்தின் பக்கத்திலேயே கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குச் சிநேகிதர் உட்கார்ந்தார். தேய்ப்பதை விட்டுவிட்டார். ஒரே தட்டு. பிறகு கேட்டுக்கொண்டிருப்பது. நாதம் தேய்ந்து, தெருவின் நிசப்தத்தோடு கலந்தது. எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"டிரம் நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வேன். இது நிற்பது தெரியாமலே நின்றுவிடுகிறது. சத்தமில்லாத இடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிட்டு வருகிறாற்போல் இருக்கிறது" என்றார்.

"தூக்கம் வருகிறதா?" என்று கேட்டேன்.

"சில நாள் வருகிறது" என்றார். வராத நாளைக்கு மறுபடி எழுந்து இன்னொரு தட்டுத் தட்டுவாராம். மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுகிறார்.

நேயர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். கிண்ணம் வாங்க வேண்டுமானால் கதையை விலைக்கு வாங்காதீர்கள். காதைக் கூட அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் ஏணியைப் போட்டு ஒரு தடவை பரண் மேல் ஏறிப் பாருங்கள். பாட்டியின் கும்பா ஏதாவது தூசி படிந்து இன்னும் அங்கே இருந்தால், அதை எடைக்குப் போடாமல் கீழே கொண்டுவந்து, கழுவித் துடைத்து, உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். கும்பாவின் வாயும் அடியும் வேறு வார்ப்பு. தேய்த்தால் பாடாமல் போகலாம். ஒரு தட்டுக்கு ஒரு நாதம் நிச்சயம் கொடுக்கும். சிநேகிதர் வீட்டில் இப்போது அந்த ஒரு நாதத்துக்குத்தான் 5,200 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.